தொட்ட இடத்தை மட்டும் பில்டு செய்வது எப்படி: மாட்யூல் ஜாவா ப்ராஜெக்ட்டுக்கு முழுமையான வழிகாட்டி

முன்பு நான் வேலை பார்த்த ஒரு டீமில் ப்ராஜெக்ட் நாற்பது மாட்யூலாகப் பிரிந்திருந்தது. பார்க்க அழகுதான். ஆனால் அச்சாகும் பில்லில் ஒரு காற்புள்ளியை நகர்த்தினாலும் எல்லோரும் மேல் ஃபோல்டருக்குப் போய், ஜாவா ப்ராஜெக்ட்டைக் கம்பைல் செய்து டெஸ்ட் செய்து ஜாராக்குகிற (அதுதான் பில்டு) மேவன் கருவியில் 'மேவன் கிளீன் இன்ஸ்டால்' என்றுதான் அடிப்பார்கள். நாற்பதும் அழியும், நாற்பதும் மறுபடி கம்பைல் ஆகும். பிரித்ததால் எங்களுக்குக் கிடைத்த கூடுதல் சொத்து நாற்பது பொம் கோப்புகள் (மாட்யூலின் பெயரையும் அது நம்பும் லைப்ரரிகளையும் எழுதி வைக்கிற மேவன் கோப்பு) மட்டுமே.

கை வைத்த மாட்யூலையும் அதை நம்பி இருப்பவற்றையும் மட்டும் கம்பைல் செய்து, டெஸ்ட் செய்து, ஓட்டிப் பார்க்க முடிய வேண்டும். மாட்யூலாகப் பிரிக்கிற பாட்டுக்கு அதுதான் கூலி. அது கிடைக்கிற மாதிரி ஒரு ப்ராஜெக்ட்டை அடியிலிருந்து அமைப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உதாரணத்துக்கு ஒரு மளிகைக்கடை பில்லிங் செயலியை எடுத்துக்கொள்வோம். ஐந்து மாட்யூல்: கரு, வரி, சேமிப்பு, அச்சு, செயலி. கருவில் பொருள், பில், பணம் போன்ற அடிப்படை கிளாஸ்கள். செயலி என்பது எல்லாவற்றையும் கோத்து ஓட விடுவது. மற்றவை பெயரிலேயே தெரியும். (ஜாவாவில் இப்படித் தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்கலாம், கம்பைலர் ஏற்றுக்கொள்ளும். டீமில் எல்லோரும் தமிழில் டைப் செய்வார்கள் என்று சொல்ல முடியாததால் வேலையில் நான் வைப்பதில்லை.)

ஒரு சொல் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். மேவன் மாட்யூல் என்பது தனி பொம் கோப்பு உள்ள ஒரு ஃபோல்டர். ஜாவா மாட்யூல் என்பது மாட்யூல்-இன்ஃபோ கோப்பு (எது வேண்டும், எதை வெளியே காட்டுகிறோம் என்ற அறிவிப்பு) உள்ள ஜார், அதாவது கம்பைல் ஆன கிளாஸ்களின் பொதி. இன்டெல்லிஜே (நிரல் எழுதும் ஐடிஇ கருவி) மாட்யூல் என்று மூன்றாவதாக ஒன்றும் உண்டு. ஒரு மேவன் மாட்யூலுக்கு ஒரு ஜாவா மாட்யூல், இரண்டுக்கும் ஒரே பெயர் என்று வைத்துக்கொண்டால் மூன்றும் ஒன்றாகிவிடும். வேறு எந்த ஏற்பாட்டிலும் நான் நிம்மதியாக இருந்ததில்லை.

1. ஜேடிகேயையும் பில்டு கருவியையும் பூட்டி வையுங்கள்

ஜேடிகே என்பது ஜாவா கம்பைலரும் கருவிகளும் அடங்கிய தொகுப்பு. அதில் நீண்டகால ஆதரவு உள்ள பதிப்பாக ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இப்போது தொடங்குவதென்றால் 21 அல்லது 25. ப்ராஜெக்ட்டுக்குள் மேவன் ரேப்பரையோ, கிரேடில் (மேவனைப் போன்ற இன்னொரு பில்டு கருவி) ரேப்பரையோ போட்டு கிட்டில் சேர்த்துவிடுங்கள். புதிதாகச் சேரும் ஆள் ஜேடிகே மட்டும் நிறுவினால் போதும், பில்டு கருவி தானாக வந்துவிடும். கம்பைலரில் பழைய சோர்ஸ், டார்கெட் விருப்பங்களை விட்டுவிட்டு, ஜாவா 9-இல் வந்த 'ரிலீஸ்' விருப்பத்தைப் பயன்படுத்துங்கள். 21 என்று அதில் சொன்னால், 25-இல் மட்டும் இருக்கிற மெத்தடை யாராவது கூப்பிடும்போது கம்பைலரே பிடித்துவிடும்.

லைப்ரரி பதிப்பு எண்களையெல்லாம் மேல் பொம் கோப்பில், 'டிபென்டென்சி மேனேஜ்மென்ட்' பகுதியில் வையுங்கள். கிரேடிலில் அதற்கு வெர்ஷன் கேட்டலாக் இருக்கிறது. கிளை மாட்யூல்களின் கோப்பில் லைப்ரரி பெயர் மட்டும் இருக்கட்டும், எண் கூடாது.

2. எல்லையைக் கோடு போட்டுப் பிரிப்பது

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது. கன்ட்ரோலர்கள் ஒரு மாட்யூல், சர்வீஸ்கள் ஒரு மாட்யூல், ரெப்பாசிட்டரிகள் ஒரு மாட்யூல் என்று அடுக்கடுக்காகப் பிரிப்பதுதான் பலரும் செய்வது. அப்படிப் பிரித்தால், திரையில் புதிதாக ஒரு கட்டம் சேர்க்க மூன்று மாட்யூலையும் தொட வேண்டியிருக்கும்.

நான் கேட்கிற கேள்வி வேறு: இந்த கிளாஸை மாற்றச் சொல்லி யார் வருவார்கள்? 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. அந்த மாற்றம் வரி மாட்யூலுக்குள்ளேயே முடிய வேண்டும். கடைக்காரர் அச்சு இயந்திரத்தை மாற்றினால் அச்சு மாட்யூல் மட்டும். விகிதத்தை மாற்றப் போய் அச்சிலும் கை வைக்க நேர்ந்தால், சிஜிஎஸ்டியையும் எஸ்ஜிஎஸ்டியையும் பிரிக்கிற கணக்கு எங்கோ பில் வரைகிற இடத்துக்குள் ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம்.

பழைய ப்ராஜெக்ட்டைப் பிரிப்பதாக இருந்தால் கிட் வரலாறே வழி சொல்லும். கடந்த ஒரு வருட கமிட்டுகளைப் பாருங்கள். எந்தக் கோப்புகள் எப்போதும் சேர்ந்தே மாறுகின்றனவோ அவை ஒரே வீட்டுக்காரர்கள். பேக்கேஜ் பெயர் என்ன சொன்னாலும் சரி.

அப்புறம் 'பொது' மாட்யூல். எல்லா ப்ராஜெக்ட்டிலும் இது ஒன்று முளைக்கும். எங்கே வைப்பதென்று தெரியாததெல்லாம் அதில் போய்ச் சேரும், மற்ற எல்லா மாட்யூலும் அதை நம்பி நிற்கும். விளைவு, அதில் ஒரு எழுத்து மாறினாலும் முழு ப்ராஜெக்ட்டும் மறு பில்டு. தேதியைச் சரமாக்குகிற நாலு வரி மெத்தடை இரண்டு மாட்யூலில் இரண்டு முறை எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

சங்கிலி நீளத்தையும் கவனியுங்கள். கருவை வரி நம்பி, வரியை சேமிப்பு நம்பி, சேமிப்பை அச்சு நம்பி, அச்சை செயலி நம்பினால், கணினியில் பதினாறு கோர் இருந்தாலும் ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. அதையே கருவை மட்டும் நம்பும்படி வரி, சேமிப்பு, அச்சு மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் அவை ஒரே நேரத்தில் பில்டு ஆகும்.

3. மாட்யூல்-இன்ஃபோ எழுதுவது

வரி மாட்யூலின் மாட்யூல்-இன்ஃபோவில் இரண்டே வரிதான். 'ரிக்வயர்ஸ் ட்ரான்சிட்டிவ் கரு' (கரு எனக்கு வேண்டும், என்னைப் பயன்படுத்துகிறவருக்கும் அது தெரியட்டும்) ஒன்று, 'எக்ஸ்போர்ட்ஸ் வரி.கணக்கு' (இந்த பேக்கேஜை வெளியே காட்டுகிறேன்) இன்னொன்று. வரி.உள் என்ற பேக்கேஜைப் பற்றிப் பேச்சே இல்லை. அதனால் அதற்குள் இருக்கிற கிளாஸைப் பப்ளிக் என்று எழுதியிருந்தாலும் மற்ற மாட்யூல்கள் அதைத் தொட முடியாது. மாட்யூல் முறை வருவதற்கு முன், பேக்கேஜுக்கு வெளியே ஒரு கிளாஸ் தெரிய வேண்டுமென்றால் உலகத்துக்கே தெரிந்தாக வேண்டும். அந்தக் கட்டாயம் ஒழிந்ததுதான் இதிலுள்ள பெரிய லாபம்.

ட்ரான்சிட்டிவ் எப்போது வேண்டும்? வரி.கணக்கு பேக்கேஜில் உள்ள மெத்தட் ஒன்று கருவிலுள்ள 'பணம்' கிளாஸைத் திருப்பித் தருகிறது. வரியைப் பயன்படுத்துகிறவருக்குப் பணமும் தெரிந்தாக வேண்டும், எனவே ட்ரான்சிட்டிவ். கருவை உள்வேலைக்கு மட்டும் பயன்படுத்தினால் வெறும் ரிக்வயர்ஸ் போதும். நாமே கண்ணால் தேட வேண்டியதில்லை. ஜாவா கம்பைலரின் லின்ட் எச்சரிக்கைகளில் 'எக்ஸ்போர்ட்ஸ்' வகையை இயக்கி வைத்தால் விட்டுப்போனதைச் சொல்லிவிடும். கிரேடிலில் 'ஏபிஐ', 'இம்ப்ளிமென்டேஷன்' என்று இருக்கும் பிரிவும் இதே கணக்குதான். இரண்டு கோப்பும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும்.

ஓபன்ஸ் வேறு விஷயம். ஜாக்சன், ஹைபர்னேட் போன்ற லைப்ரரிகள் ரிஃப்ளெக்ஷன் வழியாக, அதாவது ஓடும்போதே கிளாஸின் உள்ளமைப்பைத் துருவி, ப்ரைவேட் ஃபீல்டுகளை எட்டிப் பார்ப்பவை. அதற்கு எக்ஸ்போர்ட்ஸ் போதாது. சேமிப்பில் உள்ள அந்த ஒரு பேக்கேஜை மட்டும், அந்த லைப்ரரிக்கு மட்டும் திறந்துவிடுங்கள். முழு மாட்யூலையும் 'ஓபன்' என்று அறிவிப்பது வீட்டுச் சாவியைத் தெருவில் தொங்கவிடுகிற மாதிரி. அவசரத்துக்கு நானும் செய்திருக்கிறேன், பிறகு மறந்திருக்கிறேன்.

சுற்றுச் சார்பை ஜாவா கம்பைலர் அனுமதிக்காது. பில் முடிந்ததும் கரு அச்சைக் கூப்பிட வேண்டும், அச்சுக்கோ கருவிலுள்ள பில் கிளாஸ் வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று ரிக்வயர் செய்தால் கம்பைல் நின்றுவிடும். இதற்குத் தீர்வு சர்வீஸ் லோடர். 'பில்_அச்சாளர்' என்ற இன்டர்ஃபேஸைக் கருவில் வைத்து, அங்கே 'யூசஸ்' எழுதுங்கள். அச்சு மாட்யூல் 'ப்ரொவைட்ஸ்' என்று தன் கிளாஸைக் கொடுக்கட்டும். ஓடும்போது இரண்டையும் ஜேவிஎம் (ஜாவா நிரலை ஓட்டும் இயந்திரம்) சேர்த்து வைக்கும். நாளைக்கு தெர்மல் பிரின்டர் ஒரு மாட்யூல், பிடிஎஃப் ஒரு மாட்யூல் என்று வந்தாலும் கருவில் கை வைக்க வேண்டாம்.

எல்லோரையும் ஒரு முறையாவது கடிக்கிற இன்னொன்று உண்டு. பேக்கேஜ் ஃபோல்டருக்குள் வைத்த ப்ராப்பர்டீஸ் கோப்பை வேறு மாட்யூலிலிருந்து படித்தால் 'நல்' வரும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. அந்த பேக்கேஜைத் திறக்க வேண்டும், அல்லது கோப்பின் சொந்தக்கார மாட்யூலே படித்துக் கொடுக்க வேண்டும். இரண்டாவதுதான் சுத்தம்.

4. வெளி லைப்ரரிகளோடு சமாதானம்

ஜாவாவை மாட்யூலாகப் பிரிக்கிற ஜிக்சா ப்ராஜெக்ட் 2008-இல் தொடங்கியது. ஜாவா 7-க்கு, பிறகு 8-க்கு என்று தள்ளிப்போய், கடைசியில் 2017 செப்டம்பரில் ஜாவா 9-உடன் வெளிவந்தது. அதே வருடம் மே மாதம் ஜாவாவின் தரநிலைக் குழு நடத்திய முதல் வாக்கெடுப்பில் ஆதரவாக 10, எதிராக 13 என்று அது தோற்றே போயிருந்தது. திருத்தங்களுக்குப் பிறகு ஜூனில்தான் தேறியது. இவ்வளவு தாமதமாக வந்ததால், அதற்கு முன்பே வளர்ந்துவிட்ட லைப்ரரிகளில் பல இன்றும் மாட்யூல்-இன்ஃபோ இல்லாமல்தான் வருகின்றன.

அப்படிப்பட்ட ஜாரை மாட்யூல் பாதையில் (ஜாவா மாட்யூல்களைத் தேடும் இடங்களின் பட்டியல்) வைத்தால் ஜாவா அதைத் தானியங்கி மாட்யூலாக எடுத்துக்கொள்ளும். ஜாருக்குள் உள்ள மேனிஃபெஸ்ட் கோப்பில் பெயர் இருந்தால் அது, இல்லாவிட்டால் ஜார் கோப்பின் பெயரிலிருந்து ஒன்று. கோப்புப் பெயரை நம்பிய மாட்யூல் பெயர் எப்போது வேண்டுமானாலும் மாறும். ஒரு லைப்ரரியைச் சேர்க்கும் முன் 'ஜார்' கருவியின் 'டிஸ்க்ரைப் மாட்யூல்' விருப்பத்தால் அது எந்த ரகம் என்று பாருங்கள். ஒரே பேக்கேஜ் இரண்டு ஜாரில் இருந்தால் மாட்யூல் பாதை ஒப்புக்கொள்ளாது என்பதும் நினைவிருக்கட்டும். பழைய அனோட்டேஷன் ஜார்கள் இதில் பேர்போனவை.

ஸ்ப்ரிங் பூட் ஃப்ரேம்வொர்க்கில் எழுதுகிறவர்களுக்கு என் யோசனை: மாட்யூல்-இன்ஃபோவை விட்டுவிடுங்கள். ஸ்ப்ரிங் ஜார்களில் தானியங்கிப் பெயர் இருக்கிறது, ஆனால் அந்த உலகம் கிளாஸ்பாத்தை (மாட்யூல் எல்லை பார்க்காத பழைய தேடல் பாதை) மனத்தில் வைத்துக் கட்டியது. மேவன் அல்லது கிரேடில் மாட்யூல்களாக மட்டும் பிரித்து, உள் பேக்கேஜ்களை யாரும் தொடக்கூடாது என்பதை ஆர்க்யூனிட் (கோடின் அமைப்பு விதிகளைச் சோதிக்கும் லைப்ரரி) டெஸ்ட்டாக எழுதிவிடுங்கள். அடுத்த படியில் வருகிற பில்டு வேகம் முழுக்க உங்களுக்கும் கிடைக்கும்.

5. தினமும் அடிக்கிற கட்டளை

வரியில் வேலை செய்கிறீர்கள் என்றால் அடிக்க வேண்டியது: மேவன், மைனஸ் பிஎல் வரி, மைனஸ் ஏஎம், டெஸ்ட். பிஎல் எந்த மாட்யூல் என்று சொல்கிறது, ஏஎம் அது நம்பியிருப்பவற்றையும் சேர்க்கிறது. இங்கே கருவும் வரியும் மட்டும் ஓடும். கருவையே மாற்றினால் ஏஎம்டி சேருங்கள், அது கருவை நம்பியிருக்கும் அத்தனையையும் இழுத்துவரும். மைனஸ் டீ 1சி என்று கொடுத்தால் ஒரு கோருக்கு ஒரு இழை என்று இணையாக ஓடும். நடுவில் ஒரு மாட்யூல் விழுந்தால், சரிசெய்துவிட்டு ஆர்எஃப் கொடுத்து அங்கிருந்தே தொடரலாம்.

'கிளீன்' வேண்டாம். முன்பு செய்த வேலையைத் தூக்கிப் போடச் சொல்வதுதான் அது. கிளீன் செய்தால்தான் பில்டு சரியாக வருகிறது என்றால் பில்டில் எங்கோ ஓட்டை இருக்கிறது, அதைத்தான் தேட வேண்டும்.

'இன்ஸ்டால்' அதைவிட ஆபத்து. ஒரு முறை கருவில் பணத்தை முழு ரூபாயாக்குகிற முறையை மாற்றிவிட்டு, வரி டெஸ்ட்டை மட்டும் ஓட்டினேன், ஏஎம் போட மறந்து. டெஸ்ட் பழைய எண்ணையே காட்டியது. கருவைத் திறந்து பார்க்கிறேன், மாற்றம் இருக்கிறது. டிபக்கரில் போனால் வேறு வரி ஓடுகிறது. அரை நாள் போயிற்று. நடந்தது இதுதான்: பிஎல் மட்டும் கொடுத்தால் மேவன் 3 கருவின் மூலத்தைப் பார்க்காது, ஹோம் ஃபோல்டரில் உள்ள எம்2 கிடங்கில் கருவின் ஜாரைத் தேடும். போன வாரம் இன்ஸ்டால் செய்தபோது விழுந்த பழைய ஜார் அங்கே இருந்தது.

அன்றிலிருந்து என் டீமில் இன்ஸ்டால் கிடையாது, 'வெரிஃபை' மட்டும்தான் (டெஸ்ட்டெல்லாம் ஓட்டும், எம்2-வில் ஜாரைப் போடாது). எம்2-வுக்குள் எங்கள் குரூப் பெயரில் இருந்த ஃபோல்டரையும் அழித்துவிட்டோம். இப்போது ஏஎம் மறந்தால் ஜார் கிடைக்கவில்லை என்று பில்டு உடனே விழுகிறது. பழைய ஜாரோடு ஓடி ஏமாற்றுவதைவிட விழுவது நல்லது.

மேவன் கம்பைலர் ப்ளகின் ஒரு மாட்யூலில் ஒரு கோப்பு மாறினாலும் அந்த மாட்யூல் முழுவதையும் மறுபடி கம்பைல் செய்யும். கிரேடில் இன்னும் நுணுக்கமாகப் போகும். வரிக்குள் ஒரு மெத்தடின் உடம்பு மட்டும் மாறி, வெளியே தெரிகிற முகம் மாறாவிட்டால், வரியை நம்பியிருக்கும் மாட்யூல்களை அது கம்பைல் செய்யவே செய்யாது. இணை ஓட்டத்தையும் பில்டு கேஷையும் ப்ராப்பர்டீஸ் கோப்பில் இயக்கி வையுங்கள், தானாக வராது. மேவனிலேயே இருப்பவர்களுக்கு மேவன் டீமன் இருக்கிறது, ஒவ்வொரு முறையும் ஜேவிஎம் புதிதாக எழுந்திருக்கும் நேரம் மிச்சம்.

6. ஐடிஇ

மேல் பொம் கோப்பைத் திறந்தால் இன்டெல்லிஜே மற்றதைப் பார்த்துக்கொள்ளும். டிபென்டென்சியை ஐடிஇயின் அமைப்புத் திரையில் சேர்க்காதீர்கள், பொம் கோப்பில் சேர்த்து மறு இறக்குமதி செய்யுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் செயலியில் மாற்றத்தை ஏற்ற ஹாட்ஸ்வாப் உண்டு, ஆனால் சாதாரண ஜேவிஎம்மில் மெத்தடின் உடம்பை மட்டும்தான் மாற்ற முடியும். புதிதாக ஃபீல்டு, மெத்தட் சேர்க்கவும் வேண்டுமென்றால் ஜெட்பிரெயின்ஸ் ரன்டைமில் அதற்கான விருப்பத்தை இயக்கி ஓட்டுங்கள்.

7. டெஸ்ட்

யூனிட் டெஸ்ட்டுகளுக்குத் தனி மாட்யூல்-இன்ஃபோ எழுதத் தேவையில்லை. மேவனின் ஷ்யூர்ஃபயர் ப்ளகின் மாட்யூல்-இன்ஃபோவைப் பார்த்ததும் டெஸ்ட் கிளாஸ்களை அந்த மாட்யூலுக்குள்ளேயே ஒட்டுப்போட்டு ஓட்டும். எக்ஸ்போர்ட் செய்யாத கிளாஸ்களையும் அப்படியே டெஸ்ட் செய்யலாம். பல மாட்யூல்களைச் சேர்த்துச் சோதிக்கிற டெஸ்ட்டுகளை மட்டும் தனி மேவன் மாட்யூலில் வையுங்கள். வெளியாள் எப்படிப் பயன்படுத்துவாரோ அப்படியே எக்ஸ்போர்ட் செய்தவற்றை மட்டும் அது தொடட்டும். விட்டுப்போன ட்ரான்சிட்டிவ், விட்டுப்போன ஓபன்ஸ் எல்லாம் அங்கேதான் மாட்டும்.

சிஐயில் (மாற்றம் வந்ததும் தானாக பில்டு செய்து சோதிக்கும் ஏற்பாடு) புல் ரிக்வெஸ்ட்டுக்கு மாறிய மாட்யூலும் ஏஎம், ஏஎம்டி இரண்டும். மெயின் கிளைக்கு எப்போதும் முழு பில்டு.

8. ஜேலிங்க்: சின்ன ரன்டைம், பெரிய எச்சரிக்கை

ஜேடிகேவே எழுபதை ஒட்டிய மாட்யூல்களாகத்தான் இருக்கிறது. பில்லிங் செயலிக்கு அதில் பாதிகூட வேண்டாம். 'ஜேடெப்ஸ்' கருவியிடம் நம் ஜார்களைக் கொடுத்து 'ப்ரின்ட் மாட்யூல் டெப்ஸ்' என்று கேட்டால் தேவையானவற்றைக் கமா போட்டுத் தரும். அந்தப் பட்டியலை ஜேடிகேயோடு வரும் ஜேலிங்க் கருவியிடம் கொடுத்தால் அவை மட்டும் உள்ள ரன்டைம் (செயலியை ஓட்டும் ஜாவா) தயார். டாக்கர் இமேஜில் முழு ஜேடிகேக்குப் பதில் இதை வைக்கலாம். தானியங்கி மாட்யூல்களை ஜேலிங்க் ஏற்காது. அதனால் ரன்டைமை ஜேடிகே மாட்யூல்களால் மட்டும் செய்து, நம் ஜார்களை வெளியே வைத்து ஓட்டுவதுதான் நடைமுறையில் சுலபம்.

சரி, எச்சரிக்கை. அச்சு மாட்யூலில் பில் தேதியைத் தமிழில் போட்டிருந்தோம். '14 மார்ச்' என்று என் கணினியில் வந்தது, டெஸ்ட்டிலும் வந்தது. ஜேலிங்க் ரன்டைமோடு கடைக்குப் போன பில்லில் தமிழ் மாதம் இல்லை. எந்தப் பிழையும் இல்லை, லாகும் சுத்தம்.

ஜாவா.பேஸ் மாட்யூலில் ஆங்கிலத்துக்கான தேதி, எண் விவரங்கள் மட்டுமே உண்டு. தமிழ் உட்பட மற்ற மொழிகளெல்லாம் ஜேடிகே.லோக்கேல்டேட்டா என்ற மாட்யூலில் இருக்கின்றன. அது சர்வீஸ் லோடர் வழியாக வந்து சேர்வது. நம் நிரலில் எங்கும் அதன் பெயர் இல்லாததால் ஜேடெப்ஸ் கண்ணில் படாது. ஜேலிங்கும் சர்வீஸ் கொடுக்கிற மாட்யூல்களைத் தானாகச் சேர்க்காது. ஜேடிகே 21 வரை ஜேடிகே.க்ரிப்டோ.இசி மாட்யூலும் இதே கதைதான். அது இல்லாத ரன்டைமில் சில எச்டிடிபிஎஸ் இணைப்புகள் கைகுலுக்கும் கட்டத்திலேயே விழும். 22-இல் அந்த வேலையை ஜாவா.பேஸுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள்.

'பைண்ட் சர்வீசஸ்' விருப்பம் எல்லாவற்றையும் சேர்த்துவிடும், ஆனால் ரன்டைம் மறுபடி ஊதிப்போகும். நாங்கள் லோக்கேல்டேட்டாவை மட்டும் பட்டியலில் கையால் சேர்த்து, 'இன்க்லூட் லோக்கேல்ஸ்' விருப்பத்தில் ஆங்கிலத்துக்கும் தமிழுக்குமான இரண்டெழுத்துக் குறிகளைக் கொடுத்தோம். மற்ற மொழிகள் உள்ளே வரவில்லை, மார்ச் திரும்பி வந்தது. கூடவே சிஐயில் ஒரு டெஸ்ட் சேர்த்தோம். ஜேலிங்க் செய்த அதே ரன்டைமில் செயலியை எழுப்பி, ஒரு பில் போட்டு, அச்சான தேதியில் தமிழ் மாதம் இருக்கிறதா என்று பார்க்கும். முழு ஜேடிகேயில் ஓடுகிற வேறு எந்த டெஸ்ட்டும் இதைப் பிடித்திருக்காது.